புள்ளிக்கோட்டின் மேல் ஒரு வீடு

ரோனால்டும் ஷாரனும் அண்ணன் தங்கை என்பது கிளென்மோர் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இருவரும் பேசி ஐந்து வாரம் ஆகிறது என்பது அதைவிட நன்றாகத் தெரியும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் சுவர்கள் மெலிசு.

சண்டையை இந்தத் தொடரின் போன வாரங்களில் பார்த்தோம். தோட்டம் கைமாறுகிறது, லயத்துக் குடும்பங்களுக்குப் பெரிய சாலையோரம் நாற்பத்தோரு புது வீடுகள் என்று முடிவானது. அந்த வேலையைப் பார்க்கும் சுங்கைப் பட்டாணி வீடமைப்பு அலுவலகத்தில்தான் ஷாரனுக்கு ஓராண்டு ஒப்பந்த வேலை. அரசாங்கம் அனுப்புகிற கடிதமும் நிரப்பச் சொல்லும் பாரமும் வாங்குகிறவருக்குப் புரிய வேண்டும், அதற்காக அலுவலகம் முதல்முறையாக எடுத்த வடிவமைப்பாளர் அவள். தோட்டக் கமிட்டியின் தலைவன் அவள் அண்ணன். கூட்டத்தில் எழுந்து நின்று, "நாம வீடு கேக்குறோம், கவர்மெண்டு படம் வரையுற ஆள வேலைக்கு வச்சிருக்கு. அதுவும் என் தங்கச்சிய" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஷாரன் தன் காடியை ஓட்டிக்கொண்டு கிளம்பியவள்தான், அப்புறம் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. டவுனில் வாடகை அறை, அறையில் ஒரு மடிக்கணினி, மனசில் ஒரு முள்.

இப்போது வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. மரியாதைக்கு எல்லாரும் 'புவான்' என்று அழைக்கும் பிரிவுத் தலைவி ரொஹானா, ஷாரனைக் கூப்பிட்டு மேசைமேல் நான்கு துண்டுச் சீட்டுகளை அடுக்கி வைத்தார்.

"நாற்பத்தொன்று அனுப்பினோம். நான்குதான் வந்திருக்கிறது. அந்த நான்கும் ஏற்கெனவே டவுனுக்கு வந்துவிட்ட குடும்பங்கள்" என்றார் மலாயில். அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். இன்று இன்னும் மெதுவாகப் பேசினார். "இன்று மூன்றரைக்குக் கவுண்ட்டர் மூடினால் கடைசித் தேதி முடிந்தது. பதில் வராத வீடுகள் அடுத்த பட்டியலில் உள்ளவர்களுக்குப் போய்விடும். என்னால் நிறுத்த முடியாது, ஷாரன்."

பதில் வராத முப்பத்தேழில் ஒன்று ஷாரனின் அப்பாவின் வீடு.

பழைய பாரம் நான்கு பக்கம். எறும்பு எழுத்து. யாராவது படித்த பிள்ளையைப் பிடித்து நிரப்பினாலும் பாதி தப்பாகித் திரும்பி வரும். ஷாரன் அதை ஒரே அட்டையாக்கியிருந்தாள். தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்து. மேல் பாதியில் வீட்டு எண், அதைக் குடும்பம் வைத்துக்கொள்ள வேண்டும். கீழ்ப் பாதியை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, நடுவில் உள்ள புள்ளிக்கோட்டில் வெட்டி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு பாதியையும் சேர்த்து நடுவில் ஒரு வீடு வரைந்திருந்தாள். சிவப்புக் கூரை, நீலக் கதவு, வாசலில் ஒரு பூந்தொட்டி. மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தது. அலுவலகத்தில் எல்லாரும் அழகு அழகு என்றார்கள்.

யோகேந்திரன் மட்டும் சொல்லவில்லை. கவுண்ட்டரில் இருபத்தாறு வருட அனுபவம் உள்ளவர். இப்போதும் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"பழைய பாரத்துல அழகு இல்லம்மா. ஆனா திரும்பி வந்துச்சு லா."

ஷாரனுக்குள் ஒரே எண்ணம்தான் ஓடியது. இது அண்ணன் வேலை. கையெழுத்துப் போடாதீர்கள் என்று கமிட்டியில் சொல்லியிருப்பான். என்மேல் இருக்கிற கோபத்தில் முப்பத்தேழு குடும்பத்தின் வாயில் மண்ணைப் போடுகிறான்.

காடிச் சாவியை எடுத்தாள்.

*

தோட்டத்து வீட்டில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி உமாராணி, டவுன் கடைக்கு ரவிக்கை தைக்கிறவள். ஷாரன் வாசலில் செருப்பைக் கழற்றியதும் இயந்திரம் நின்றது.

"வாம்மா. ஐஞ்சு வாரம் கழிச்சு வழி தெரிஞ்சுதா?"

"அண்ணன் எங்க, அண்ணி?"

"நைட் ஷிப்டு முடிஞ்சு இப்பதான் படுத்திருக்காரு. என்ன ஆச்சு, மூஞ்சி இப்படி இருக்கு?"

கூலிம் ஹைடெக் பூங்காத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த மனிதன். அதெல்லாம் அப்போது ஷாரனின் நினைவில் இல்லை. உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"அண்ணே! ஒனக்கு என்மேல கோவம்னா என்னைத் திட்டு. ஜனங்க வீட்ட எதுக்குக் கெடுக்குற?"

ரோனால்ட் கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது. தங்கையைப் பார்த்ததும் ஒரு நொடி முகம் மலர்ந்தது. அவள் சொன்னது அப்புறம்தான் காதில் ஏறியது போலிருக்கிறது.

"நான் கெடுக்குறேனா?"

"முப்பத்தேழு பேரு சீட்டு அனுப்பல. இன்னிக்கு மூணரையோட முடியுது. நீ சொல்லாம அது எப்படி நடக்கும்?"

"நானா சொன்னேன்? நிரப்புங்க, அனுப்புங்கன்னு ஒவ்வொரு வீடா ஏறி எறங்கினேன். எல்லாரும் எழுதி, கையெழுத்துப் போட்டு வச்சிருக்காங்க. வெட்டத்தான் மாட்டேங்கிறாங்க."

"வெட்ட மாட்டாங்களா? ஏன்?"

"ஒனக்குச் சொல்லத்தான் ரெண்டு தடவ போன் பண்ணேன். நீ எடுத்தியா?"

எடுக்கவில்லை. திரையில் 'அண்ணே' என்று வந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அது அடங்கும்வரை. முதலில் அவன் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பட்டும், பிறகு எடுக்கலாம் என்று இருந்தாள். மன்னிப்புக் கேட்கிற செய்தியெல்லாம் எழுதுகிற ஆளா ரோனால்ட்?

உமாராணி அவள் கையைப் பிடித்தாள். "வா எங்கூட. கண்ணால பாரு."

*

மூன்று கதவு தள்ளி மருதம்மாள் வீடு. சாமி மேடையில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவே ஷாரனின் அட்டை நின்றது. சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூ சார்த்தியிருந்தது. கீழ்ப் பாதியில் மருதம்மாளின் பேரும் ஐ.சி. என்கிற அடையாள அட்டை நம்பரும் கோணல்மாணலாக, ஆனால் ஒரு தப்பும் இல்லாமல். கையெழுத்தும் இருந்தது.

"அத்தே, இத ஏன் அனுப்பல?" என்றாள் ஷாரன்.

மருதம்மாள் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "எப்படிம்மா அனுப்புறது? நடு வீட்டுல கத்திரி வைக்கச் சொல்லி எழுதியிருக்கு."

"அது வெறும் படம் அத்தே."

"படந்தான். என் வீட்டுப் படம். நாப்பது வருஷம் லயத்துல இருந்துட்டு மொத மொதலா சொந்த வீடுன்னு ஒன்னு கைக்கு வருது. கதவு வேற, கூர வேறன்னு அத ரெண்டா வெட்டிட்டு அதே வீட்டுல போயி நான் பால் காய்ச்சணுமா? வெளங்குமா?"

ஷாரன் அட்டையைப் பார்த்தாள். கணினித் திரையில் அந்தப் புள்ளிக்கோடு வெறும் புள்ளிக்கோடாகத்தான் இருந்தது. படம் ஒரு அடுக்கு, கோடு ஒரு அடுக்கு. இங்கே, பூவுக்கும் விளக்குக்கும் நடுவில், அது கூரைக்கும் கதவுக்கும் குறுக்கே ஓடியது. அதில் கத்திரி வைக்க அவளுக்கே கை வராது.

அச்சுக்குப் போகுமுன் ஒரு பிரதியை அண்ணியிடம் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். காட்டியிருந்தால் உமாராணி ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். வீம்பில் காட்டவில்லை. அலுவலகத்து மாடியில் குளிர்சாதன அறையில் ஆறு பேரிடம் காட்டினாள். ஆறு பேருக்கும் சொந்த வீடு இருந்தது.

அவமானமாக இருந்தது. அதைவிட, இந்தச் சந்தனப் பொட்டைப் பார்க்கையில் அழுகை வந்தது. அவள் வரைந்த எதையும் இதுவரை யாரும் கும்பிட்டதில்லை.

"தப்பு என்னோடது அத்தே. அட்டைய வெட்ட வேணாம், முழுசா குடுங்க. நான் கொண்டு போறேன்."

"முழுசா குடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கும்? எந்த ஆபீஸ்ல குடுத்த காயிதம் எனக்குத் திரும்பி வந்திருக்கு? நீ நல்ல பொண்ணுதான். ஒன்ன நம்புறேன். ஆபீஸ நம்ப மாட்டேன்."

வாசலில் ரோனால்ட் வந்து நின்றிருந்தான். சட்டை மாட்டியிருந்தான். மணி பதினொன்று ஆகப்போகிறது.

உமாராணி அட்டையை மேடையிலிருந்து மெல்ல எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினாள். துணியைப் பார்க்கிற பார்வை அது.

"கோட்டு மேலயேதான் வெட்டணும்னு இருக்கா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் அண்ணி..."

"இல்ல, கீழ இருக்குற எழுத்துதானே ஆபீசுக்கு வேணும்? வீட்டுக்கு ரெண்டு பக்கமும் வெறும் எடந்தானே விட்டிருக்க? இந்த ஓரத்துல இருந்து வெட்டிட்டு வந்து, வீடு வந்ததும் கீழ எறங்கி, வீட்டச் சுத்திப் போயி, அந்தப் பக்கம் மேல ஏறிடலாம். ரவிக்கைக்குக் கழுத்து எறக்குற மாதிரி. வீடு மேல் பாதியோடவே முழுசா நின்னுக்கும்."

மருதம்மாள் குனிந்து அட்டையைப் பார்த்தாள்.

"கதவு மேல கத்திரி படாதுல்ல?"

"படாது அத்தே. பூத்தொட்டி மேல கூடப் படாது."

"அப்ப வெட்டு."

உமாராணி கத்திரியை எடுத்து வந்தாள். மருதம்மாள் சாமியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள். கத்திரி போய் இறங்கி, சுற்றி, ஏறியது. கீழ்ப் பாதி கழன்று வந்தது, மேல் விளிம்பில் வீட்டளவுக்கு ஒரு பள்ளத்தோடு. மேல் பாதியில் சிவப்புக் கூரையும் நீலக் கதவும் பூந்தொட்டியும் முழுசாக நின்றன.

"ஆபீஸ்ல எடுத்துக்குவாங்களா?" என்றான் ரோனால்ட். ஐந்து வாரத்தில் சண்டைக்கில்லாமல் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எடுத்துக்க வைக்கிறேன். நீ ஆளுங்களக் கூப்புடு அண்ணே."

அவன் மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

*

ஆயாக் கொட்டகையில் நீள மேசையைப் போட்டார்கள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை அது. அன்று குழந்தைகள் ஒரு மூலையில், பெரியவர்கள் வரிசையில். செம்பனைக் காட்டிலிருந்து கால்சட்டையில் சேறோடு வந்தவர்கள் அட்டையை மட்டும் சுத்தமான துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். காளிதாசன் அரிசிப் பானைக்குள் வைத்திருந்த அட்டையை எடுத்து வந்தார். குணவதி என்ற பெண், மூன்று மாதப் பிள்ளையின் தொட்டிலில் கட்டியிருந்தாள். ஷாரன் எழுத்தைச் சரிபார்த்தாள், உமாராணி வெட்டினாள், ரோனால்ட் வரிசையை அதட்டினான்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவாப் பேசு, புள்ள தூங்குது" என்று ஷாரன் சொல்ல, அவன் உடனே குரலைத் தாழ்த்தினான். உமாராணி கத்திரியிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து ரோனால்ட் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அன்னிக்குக் கூட்டத்துல நான் சொன்னது..."

"விடு அண்ணே."

"விட மாட்டேன், கேளு. அப்பா பாரம் நிரப்பும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். யாரையும் ஒரு வார்த்த கேக்கல அவரு. தானே படிச்சாரு, தானே எழுதினாரு. கவர்மெண்டு காயிதத்த அவரு தானே படிச்சு நான் பார்த்ததில்ல. அப்பதான் எனக்கு ஒறைச்சுது, நீ என்ன வேல பாக்குறன்னு."

ஷாரன் தலையைக் குனிந்துகொண்டாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. ஒரு நல்ல வார்த்தைக்கு மனுஷி எவ்வளவு ஏங்கியிருக்கிறாள் என்பது அந்த வார்த்தை வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

ஒன்றரை மணிக்கு எண்ணினாள். முப்பத்தாறு.

"ஒன்னு கொறையுது. யாருது?" என்று கேட்டவள், தானே பதிலைக் கண்டுபிடித்தாள். "அப்பாது எங்க?"

அண்ணனும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னாரு" என்றாள் உமாராணி. "ஃபிரேம் போடக் குடுத்துட்டாரு. என் மவ வரைஞ்சதுன்னு சொல்லி. இன்னிக்கு வாங்கத்தான் காலையில பஸ்ஸு ஏறி டவுனுக்குப் போயிருக்காரு."

"அனுப்ப வேணாமா அத?"

"என் மவளே ஆபீஸ்ல இருக்கா, என் பாரம் தனியா வேற போகணுமாங்கிறாரு."

ஷாரனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அப்பா போன் பண்ணுவார். இந்த ஊரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, அதனால் அலுவலகத் தாழ்வாரத்தில் நின்று பேசுவாள். "அட்டை ரொம்ப அழகா இருக்கும்மா" என்று மூன்று வாரமாகச் சொன்னார். அனுப்பியாச்சா என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"நீ இத எடுத்துக்கிட்டு ஆபீசுக்குப் போ" என்று ரோனால்ட் எழுந்தான். "நான் அப்பாவ அள்ளிக்கிட்டு வரேன்."

*

இரண்டே முக்காலுக்குக் கவுண்ட்டரில் ஷாரன் முப்பத்தாறு சீட்டுகளையும் வைத்தாள். யோகேந்திரன் முதல் சீட்டை எடுத்தார். பள்ளத்தைப் பார்த்தார். இரண்டாவதை எடுத்தார்.

"என்னம்மா இது, எலி கடிச்ச மாதிரி? கிழிஞ்ச பாரம் எடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"கிழியல சார். வெட்டினது. எல்லாத்துலயும் ஒரே மாதிரி வெட்டு, பாருங்க." கவுண்ட்டர் மேலேயே அவள் ஒரு புது அட்டையை வைத்து வெட்டிக் காட்டினாள். மருதம்மாள் சொன்னதை அப்படியே சொன்னாள். நடு வீட்டில் கத்திரி வைத்துவிட்டு அங்கேயே பால் காய்ச்ச முடியுமா?

யோகேந்திரன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் அம்மாவும் பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் என்பது ஷாரனுக்கு அன்றுதான் தெரியவந்தது. "எங்கம்மாவும் வெட்டியிருக்க மாட்டாங்க" என்றார்.

சத்தம் கேட்டு புவான் ரொஹானா வெளியே வந்தார். ஷாரன் மலாயில் மறுபடி எல்லாம் சொன்னாள், தன் தப்பு உட்பட. புவான் ஒரு சீட்டையும் வெட்டிய அட்டையையும் பொருத்திப் பார்த்தார். வீடு பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது.

"ஐ.சி. எண் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை. சாப்பு குத்துங்கள்" என்று முத்திரைக் கட்டையைக் காட்டினார். பிறகு ஷாரனிடம், "பாலிங் தோட்டங்களுக்கு இருநூறு அட்டை அச்சில் இருக்கிறதே?" என்றார்.

"நிறுத்தச் சொல்லிவிட்டேன் புவான். இனிமேல் தோட்டத்தில் நாலு வீட்டில் காட்டாமல் எதுவும் அச்சுக்குப் போகாது."

"யார் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்?"

"என் அண்ணன்" என்றாள் ஷாரன். அண்ணனைக் கேட்காமலேதான் சொன்னாள்.

மூன்று இருபத்தொன்றுக்கு ரோனால்டின் மோட்டார் வாசலில் வந்து நின்றது. பின்னால் அப்பா ஏசுதாசன், தலையில் பெரிய ஹெல்மெட், நெஞ்சோடு அணைத்த பிரவுன் பேப்பர் பொட்டலம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் மகளைப் பார்த்ததும் குற்றவாளி மாதிரி நின்றார்.

"ஒன் பொறந்த நாளைக்குக் குடுக்கலாம்னு இருந்தேம்மா."

"குடுங்கப்பா, இப்பவே குடுங்க."

பிரித்தாள். தங்க நிறச் சட்டம். கண்ணாடி. பின்பக்க அட்டையைக் கழற்றினால் சீட்டை எடுத்துவிடலாம் என்று பார்த்தவளுக்குத் திக்கென்றது. கடைக்காரன் சுருக்கம் விழக் கூடாதென்று அட்டையைப் பலகையோடு சேர்த்து ஒட்டியிருந்தான். மணி மூன்று இருபத்துமூன்று.

"பிச்சா எழுத்து போயிடும்" என்றான் ரோனால்ட்.

"அப்படியே எடுத்துக்குங்க" என்றார் ஏசுதாசன். தாங்கித் தாங்கிக் கொண்டுவந்த படத்தைக் கவுண்ட்டருக்கு மேல் தள்ளினார். "போனாப் போவுது. எம்பொண்ணு இன்னொன்னு வரைஞ்சு குடுப்பா."

புவான் ரொஹானா சட்டத்தைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "இது எந்த ஃபைலிலும் நுழையாது." ஆனாலும் திருப்பி வைத்து, பின்பக்கப் பலகையில் தானே சாப்பு குத்தினார். தேதி, நேரம், கையெழுத்து. கையில் ஒரு ரசீதும் எழுதிக் கொடுத்தார்.

முப்பத்தேழு. ஷாரன் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். ரோனால்ட் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தான். அவ்வளவு பேர் முன்னால், சின்ன வயதில் வைப்பானே, அதே மாதிரி.

"பெயர்களைப் படிக்கிறேன், ஏற்றிக்கொள்ளுங்கள்" என்றார் புவான். யோகேந்திரன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார்.

பழைய பாரத்தில் வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு கட்டம்தான் இருக்கும். அதில் ஒரு எண். ஷாரன் அதை எடுத்துவிட்டு, 'இந்த வீட்டில் யார் யார் வாழப் போகிறீர்கள்?' என்று கேட்டு ஐந்து வரி விட்டிருந்தாள். எண்ணை எழுதுவதைவிடப் பெயரை எழுதினால் வீடு தங்களுடையது என்று தோன்றும் என்பது அவள் எண்ணம்.

"ரோனால்ட். உமாராணி. நிகோல்." புவான் சட்டத்தின் கண்ணாடி வழியாக, அண்ணன் மகள்வரை மெதுவாகப் படித்தார். "ஷாரன்."

தன் பெயரைக் கேட்டதும் ஷாரன் நிமிர்ந்தாள். டவுனில் தனி அறையில் இருக்கிறவளுக்கு அப்பா அந்த வீட்டில் இடம் வைத்திருக்கிறார். நெஞ்சு நிறைந்துபோனது. ஐந்தாவது பெயருக்காகக் காத்திருந்தாள்.

புவான் படிக்கவில்லை. சட்டத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஐந்தாவது வரியில் பெயர் இல்லை. ஸ்கேல் வைத்து, பேனாவால், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஒரு கோடு இழுத்திருந்தது.

"ஐயா," என்றார் புவான், "உங்கள் பெயரைக் காணோமே?"

ரோனால்ட் அப்பாவைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவன் அந்தக் கோட்டைக் கவனித்திருக்கவில்லை. ஷாரன் அவர் கையைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது.

ஏசுதாசன் பிள்ளைகள் பக்கம் திரும்பவே இல்லை. முன்பின் தெரியாத அந்த அம்மாளிடம், மலாயில், ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை, புவான்."